இனித்த மண்

வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்த நாட்களில்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது.

மழை விட்ட ஒரு மத்தியானம். பட்டறையின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு பழைய காரின் பின்சீட்டுக்கு ரெக்சின் உறை தைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே, மதிலுக்கும் அடிகுழாய்க்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். ஒரு லாரியை நிறுத்தினால் நிறைந்துவிடும். அங்கிருந்து ஈர மண்ணின் வாசனை எழுந்து வந்து தையல் மெஷினைச் சுற்றி நின்றது. மிதியில் இருந்த அவள் கால்கள் தாமாக ஓய்ந்தன. வாயில் எச்சில் ஊறியது.

எழுந்து போனாள். மதிலோரம் குனிந்து, வெளுத்துப் பொருக்குத் தட்டியிருந்த இடத்தில் ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கில் வைத்தாள். மாவு போலக் கரைந்தது. கடைசியில், நாக்கின் நுனியில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஓர் இனிப்பு. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். மதிலின் மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வேளையில் உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அந்தத் தெரு முழுவதும் வண்டிப் பட்டறைகள். அவர்களுடைய பட்டறையில் முன்பாதி கணவனுடையது. பழைய பேட்டரிகளைச் சரிசெய்வான். பின்பாதி அவளுடையது, வண்டி சீட்டுகள் தைப்பாள்; அதனால் தெருவுக்கு அவள் சீட்டக்கா. மாடியில் ஒரே அறை, அதுதான் வீடு. பக்கத்துப் பட்டறையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கலர்காரர். எதிரே இன்ஜின் வேலை பார்க்கும் மெக்கானிக். தெருவில் எந்தப் பேச்சிலும் அவர் வாய்தான் கடைசி வாய். பட்டறைகளுக்குப் பின்னால் கொஞ்சம் வீடுகள். எல்லோருக்கும் தண்ணீர் அந்த ஒரே அடிகுழாயில்தான். மழைக்குப் பிறகு தெருக்குழிகளில் எண்ணெய் படர்ந்து ஊதாவும் பச்சையும் பொன்னுமாக விரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த நிறங்களைப் பார்த்துக்கொண்டே வாசலில் நேரம் போவது தெரியாமல் நின்றிருக்கிறாள். "உன் பொண்டாட்டி குட்டையில எதையோ தொலைச்சிட்டா போல" என்று மெக்கானிக் கிண்டல் செய்வார்.

கணவன் பேட்டரியை அறுத்துத் திறப்பான். உள்ளிருக்கும் ஆசிட்டை மதிலோரம் கொட்டுவான். ஈயத் தகடுகளை ஓர் இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவான். மேலே படியும் சாம்பல் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினால் கீழே கண்ணாடி போல ஒரு பளபளப்பு தெரியும். அதில் அவன் முகம் விழுந்து நடுங்கும். அந்தக் கணம் அவனுக்குப் பிடிக்கும். அவளையும் கூப்பிட்டுக் காட்டுவான். ஆசிட் தெறித்துத் தெறித்து அவன் சட்டைகளெல்லாம் சல்லடையாகியிருந்தன. "இதைப் போட்டுக்கிட்டா ஃபேனே வேண்டாம்" என்பான்.

மதிலோரம் ஏன் ஒரு புல்கூட முளைப்பதில்லை என்று அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"ஆசிட் குடிச்ச மண்ணு. அதுக்குப் பசிக்காது" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

இப்போது அந்த மண்ணின் மேல் அவளுக்குப் பசித்தது. முதலில் மழை பெய்த நாட்களில் மட்டும். பிறகு மழை இல்லாத நாட்களிலும், குழாயடிக்குப் போகும் சாக்கில். பிறகு போகாமலே, பட்டன்கள் போட்டுவைக்கும் தகர டப்பாவில், பட்டன்களுக்கு அடியில், காய்ந்த கட்டிகளாகச் சேர்த்துவைத்துக்கொண்டாள். சோறு பார்த்தால் குமட்டியது. இது குமட்டவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, பிள்ளை பிறந்தால் தானாகப் போய்விடும் என்று நினைத்தாள். உள்ளே இருக்கும் குழந்தைதான் கேட்கிறது என்றும் நினைத்தாள்.

மத்தியானங்களில் தூக்கம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. அடுக்கிவைத்த ஸ்பாஞ்சுகளின் மேல் சாய்ந்தால் போதும். கனவில் மதிலோர மண் ஸ்பாஞ்சு போலவே அமுங்கும். அவள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருப்பாள். கீழே வெளிச்சம் ஈய நிறத்தில் இருக்கும். எங்கோ தண்ணீர் நடக்கும் சத்தம் கேட்கும், அவசரமே இல்லாமல். அங்கே ஒரு சின்ன உருவம் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு எதையோ பொறுக்கிப் பொறுக்கித் தன் மடியில் சேர்க்கும். அவளுக்குப் பயமாக இருக்காது. திரும்பிப் பார்க்கட்டும் என்று காத்திருப்பாள். அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

நாளாக ஆக விழிப்புக்கும் கனவுக்கும் நடுவில் இருந்த கதவு சரியாகச் சாத்தாமல் போனது. தலை வலித்தது. வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது போல வலி வந்து வந்து போனது. ஊசி கையிலிருந்து நழுவி விழுந்தது. நேராக ஓடும் அவள் தையல் கோணிக்கொண்டு போனது. கர்ப்பிணிக்கு இதெல்லாம் இருக்கும்தானே என்று அவள் நினைத்தாள். கணவனும் அப்படியே நினைத்தான். சாயங்காலங்களில் அவள் காலைப் பிடித்துவிட்டான். அவன் விரல் மடிப்புகளில் சாம்பல் நிறம் கழுவியும் போகாமல் இருந்தது.

கண்டுபிடித்தது நாத்தனார்தான். கணவனின் அக்கா. பஸ் கண்டக்டர். நகரத்தின் மறுகோடியில் இருப்பவள், ஒரு விடுமுறை நாளில் தம்பி பெண்டாட்டியைப் பார்க்க வந்தாள். மாடி ஏறாமல் நேரே பின்பக்கம் வந்து நின்றாள். தையல் மெஷின் முன்னால் அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாயில என்ன?"

அவள் தலையை ஆட்டினாள்.

"டிக்கெட் எடுக்காதவன் எப்படி முகத்தை வச்சிக்கிட்டு உக்காருவான்னு நான் தினம் பார்க்கிறேன். என்கிட்டயா? காட்டு."

காட்டினாள். நாத்தனார் டப்பாவையும் பார்த்தாள், பின்கதவையும் பார்த்தாள்.

"அடிப்பாவி. மண்ணா? உனக்கு வேற மண்ணே கிடைக்கலையா? இந்தச் சாக்கடைத் தெரு மண்ணு?"

"நல்லா இருக்கு அண்ணி. இனிக்குது."

நாத்தனாருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை வெளிறிக் கிடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "கிளம்பு. டாக்டர்கிட்ட போறோம். அவன்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். மண் தின்னும் பெண்கள் அவருக்குப் புதிதில்லை. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படி ஆசை வரும் என்று சொல்லிக்கொண்டே மாத்திரை எழுதினார். எழுதியபடியே, "எந்த மண்ணும்மா?" என்று கேட்டார்.

"பட்டறைக்குப் பின்னாடி."

"என்ன பட்டறை?"

"அவர் பேட்டரி வேலை பாக்கிறார்."

பேனா நின்றது. டாக்டரம்மா நிமிர்ந்து அவளை வேறு மாதிரி பார்த்தார். அவள் ஈறுகளைத் திறந்து பார்த்தார். மணிக்கட்டைத் தூக்கச் சொல்லி அதன் பலத்தைப் பார்த்தார். பிறகு ரத்தம் எடுக்கச் சொன்னார். "ஈயம் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். இனிமே அந்த மண்ணைத் தொடாதீங்க. அந்தக் குழாய்த் தண்ணியும் வேண்டாம்" என்றார்.

ரத்தத்தில் ஈயம் இருந்தது. இருக்கவே கூடாத ஒன்று, நிறையவே இருந்தது. முடிவு வந்த அன்று கணவனும் கூட வந்திருந்தான். டாக்டரம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்: எலும்புக்கு ஈயத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சேர்த்துக்கொள்ளும். வயிற்றில் இருக்கும் குழந்தை அம்மாவின் எலும்பிலிருந்துதான் எடுத்துத் தன் எலும்பைக் கட்டுகிறது.

அவளுக்குக் கனவில் பொறுக்கிக்கொண்டிருந்த சின்ன முதுகு நினைவுக்கு வந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட முடியாதா டாக்டர்?" என்று கேட்டான் கணவன்.

"வெளியேத்துற மருந்து இருக்கு. ஆனா இந்த அளவுக்கு, இந்த நேரத்துல, குடுக்கிறதைவிட குடுக்காம இருக்கிறது நல்லது. மொதல்ல இடத்தை விடணும். இரும்பு, கால்சியம் விடாம சாப்பிடணும். அளவு தானா இறங்கும். குழந்தைக்கு எவ்வளவு போயிருக்குன்னு பொறந்தப்புறம்தான் தெரியும்."

வெளியே வந்ததும் அவன் மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது நகர்ந்துகொண்டான். சட்டை அவள் மேல் பட்டுவிடக் கூடாதென்று நகர்கிறான் என்பது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்றே நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். அது உயரமான கட்டிடத்தில் ஏழாவது மாடி. ஜன்னலுக்குக் கீழே பஸ் டிப்போ. பஸ்கள் வெயிலில் மீன்களைப் போல மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அவ்வளவு உயரத்தில் மண் வாசனையே இல்லை. முதல் சில நாட்கள் அவளுக்கு அது தாங்க முடியவில்லை. பூந்தொட்டிகூட இல்லாத அந்த வீட்டில் ஜன்னல் விளிம்புத் தூசியைப் பார்த்தால்கூட நாக்கு தவித்தது. நாத்தனார் அவளைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டாள். இரும்பு மாத்திரை உள்ளே போகப் போக ஆசை மெல்லத் தளர்ந்தது. ஒரு காலை எழுந்தபோது அது இல்லை. ஒரு விருந்தாளி சொல்லாமல் போய்விட்டது போல இருந்தது.

கணவன் அவளைத் தொடாமலே இருந்தான். தினமும் ஊறிக் குளித்தான். நகத்தடியைப் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. ஒரு சாயங்காலம் குழந்தை உள்ளே புரண்டது. "இங்க வாங்க" என்றாள்.

"வேண்டாம்."

"கழுவிட்டீங்கல்ல?"

"எத்தனை கழுவினாலும் இந்தக் கைதானே ஊத்தினது."

அவள் அவன் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தை உதைத்தது. அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீழே பஸ்கள் விளக்குகளைப் போட ஆரம்பித்திருந்தன.

டாக்டரம்மா சொன்னதன் பேரில், மண்ணையும் நீரையும் சோதிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அந்தத் தெருவுக்கு வந்தாள். நீளமான குழாயை நிலத்தில் முறுக்கி இறக்கி, ஆழத்து மண்ணைத் துண்டு துண்டாக எடுத்துப் பைகளில் போட்டாள். அடிகுழாய் நீரைப் பாட்டில்களில் பிடித்தாள். ஆசிட் ஈயத்தைக் கரைத்துக் கீழே இறக்கியிருக்கலாம், பெயின்டிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வேறு உலோகங்களும் சேர்ந்திருக்கலாம், முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்று கணவனிடம் சொன்னாள். தெருவில் மற்றவர்களுக்கு அவள் ஏதோ ரோடு போட வந்தவளாகத் தெரிந்தாள்.

"அதுவரைக்கும் எல்லாரும் அந்தத் தண்ணியத்தானே குடிப்பாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"முடிவு வரட்டும். அவங்களே சொல்லுவாங்க. நாம போய்ச் சொன்னா தெருவே நம்ம மேல பாயும். எல்லாக் கடையையும் மூட வச்சிட்டோம்னு சொல்லுவாங்க."

அவன் சொன்னதும் நியாயம்தான். அவள் வாக்குவாதம் செய்யவில்லை. ஆனால் அன்று மத்தியானக் கனவில் அந்த ஈய வெளிச்சத்தில் ஒரு முதுகு அல்ல, பல முதுகுகள் இருந்தன. கலர்காரரின் மகள் இருந்தாள். அந்தப் பெண் எப்போதும் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு படுத்திருப்பாள். இந்தத் தடவை அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்ததும் நாத்தனாரின் தையல் மெஷினைத் திறந்தாள். கையோடு எடுத்து வந்திருந்த சிவப்பு ரெக்சினை வெட்டி ஒரு பெரிய பை தைத்தாள். வாயில் கயிறு கோத்து முடிந்தாள். கோணாமல் தைத்திருந்தாள். கை சரியாகிவருவதை அப்போதுதான் கவனித்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ் பிடித்து, குடங்கள் வரிசையாக நிற்கும் நேரத்தில், அடிகுழாயடிக்குப் போனாள். வயிற்றைப் பார்த்து எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் குழாயின் தலையிலிருந்து வாய்வரை அந்தச் சிவப்புப் பையை மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். பனியில் அது தலைகுனிந்து நிற்கும் ஓர் ஆளைப் போல இருந்தது.

"என்ன சீட்டக்கா, குழாய்க்குச் சட்டை தைச்சிட்டீங்களா?" என்றார் மெக்கானிக். நாலு பேர் சிரித்தார்கள்.

"இந்தத் தண்ணியில ஈயம் இருக்குன்னு சந்தேகப்படுறாங்க. முடிவு வர்ற வரைக்கும் குடிக்க வேண்டாம்."

"யார் சொன்னது?"

"என் ரத்தம் சொல்லுது. நான் இந்த மண்ணைத் தின்னேன்."

அவள் முகம் சுட்டது. இருந்தும் நிறுத்தவில்லை. எப்போது ஆரம்பித்தது, எப்படி இனித்தது, டப்பாவில் ஒளித்துவைத்தது, ஊசி கையில் நிற்காமல் போனது, டாக்டர் எலும்பைப் பற்றிச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது வேறு யாருக்கோ நடந்தது போல இருந்தது.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "நீங்க தின்னீங்க, சரி. நாங்க தின்னலையே. எங்கப்பா காலத்துலருந்து இந்தத் தண்ணிதான் குடிக்கிறோம்."

"உங்கப்பா எதுல போனாரு?" என்று கேட்டாள் கலர்காரரின் மனைவி. அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கியிருந்தாள்.

"கிட்னி" என்றார் மெக்கானிக்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கணவன் முன்னால் வந்தான். அவள் கிளம்பியதைப் பார்த்துப் பின்தொடர்ந்து வந்திருக்கிறான். "ஆசிட் ஊத்தினது நான். மத்தவங்களும் அவங்கவங்க எண்ணெயையும் கலரையும் ஊத்தியிருப்பீங்க. அது எனக்குத் தெரியாது. நான் ஊத்தினது எனக்குத் தெரியும். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. தண்ணி மட்டும் எடுக்காதீங்க" என்றான்.

திட்டினார்கள். ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். ஓட்டை விழுந்த சட்டை கையோடு கிழிந்து வந்துவிட்டது. பிடித்தவருக்கே அது சங்கடமாகிவிட்டது. கலர்காரரின் மனைவி காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, "நான் பக்கத்துத் தெருவுக்குப் போறேன். யார் வர்றீங்க?" என்று நடந்தாள். சில பேர் அவள் பின்னால் போனார்கள். சில பேர் போகவில்லை. யாரோ அன்றே பையை அவிழ்த்தார்கள். மறுநாள் யாரோ அதைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். முடிவு வரும்வரை சிவப்புப் பை கழன்றும் மாட்டியும் இருந்தது.

சோதனை முடிவின்படி நீரிலும் ஈயம் இருந்தது. பெயின்டிலிருந்து வரும் குரோமியமும் இருந்தது. அதிகாரிகள் வந்து அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப்போனார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. பிறகு குழாய் பதித்தார்கள். முகமூடி போட்ட ஆட்கள் மதிலோர மண்ணை வெட்டி டிரம்களில் அடைத்துக் கொண்டுபோனார்கள். சாம்பல் மண்ணுக்குக் கீழே பழுப்பு, அதற்குக் கீழே மஞ்சள். மஞ்சள் வந்ததும் ஒரு ஆள் குனிந்து பார்த்து, போதும் என்று கையைக் காட்டினான். ஆனால் இன்னும் கீழே, அவர்களுடைய மண்வெட்டிக்கு எட்டாத இடத்தில், நீர் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய எத்தனை வருஷமாகும் என்று சோதனைக்கு வந்த பெண்ணுக்கும் தெரியவில்லை.

பின்வீடுகளின் குழந்தைகளுக்கெல்லாம் ரத்தம் பார்த்தார்கள். கலர்காரரின் மகளை மருத்துவமனையில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். அவர்கள் கேட்காமலே கணவன் தினமும் போய் வார்டு வாசலில் நின்றுவிட்டு வந்தான். உள்ளே போகும் தைரியம் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. அந்தப் பெண் அவனைப் பார்த்து, "மாமா, இங்க ஊசி போடுறவங்க உங்களைவிட மோசம்" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான்.

ஈயம் உருக்கும் வேலையை அவன் விட்டுவிட்டான். தீர்ந்த பேட்டரிகளை இப்போது மூடிய வண்டி வந்து எடுத்துப்போகிறது. வண்டிகளுக்கு வயரிங் செய்யப் பழகிக்கொண்டான். ஆரம்பத்தில் ஹார்னை அழுத்தினால் வைப்பர் ஆடியது. மெக்கானிக் அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஆனால் தன்னிடம் வரும் வண்டிகளை அவனிடம் அனுப்பவும் செய்தார்.

மகள் பிறந்தது ஒரு விடியற்காலையில். சிறிய உடம்பு; துணியில் சுற்றினால் ஒரு கைப்பிடி. அழக் கொஞ்சம் யோசித்தாள். தொப்புள்கொடி ரத்தத்திலும் ஈயம் இருந்தது. பயந்த அளவுக்கு இல்லை, சந்தோஷப்படும் அளவுக்கும் இல்லை. "நீங்க நிறுத்தினது நல்ல நேரம்" என்றார் டாக்டரம்மா. "இன்னும் கொஞ்சம் முன்னாடி நிறுத்தியிருந்தா?" என்று அவள் கேட்டாள். டாக்டரம்மா குழந்தையை அவள் நெஞ்சில் வைத்தார்.

குழந்தை மெதுவாக வளர்ந்தாள். எல்லாக் குழந்தைகளும் கவிழும்போது இவள் மல்லாந்து படுத்து விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடை பிந்தியது. பேச்சு அதைவிடப் பிந்தியது. அது ஈயத்தாலா, இயல்பாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சில நாட்கள் தாய் அந்தக் கேள்வியைக் கேட்டே தன்னைச் சித்திரவதை செய்துகொள்வாள். சில நாட்கள் மறந்தே போய்விடுவாள். மறந்த நாட்களில் மகள் தரையில் உட்கார்ந்து துணித் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்குவாள், ஒரு வேலையாளின் கவனத்தோடு. அவள் மிதியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். அளவு நன்றாக இறங்கியிருந்தது. "இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்றார் டாக்டரம்மா. கணவன் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மத்தியான வெயில் சாய்ந்து விழுந்து, சுவரெல்லாம் பால் கலந்தது போல இருந்தது. மகள் அப்பாவின் காது இரண்டையும் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பி, பின்னால் வரும் அம்மாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வா" என்றாள்.

தெளிவான ஒரே சொல். கணவன் நின்றுவிட்டான். திரும்பவில்லை, திரும்பினால் கலைந்துவிடுமோ என்பது போல நின்றான். அவள் வேகமாக நடந்து அவர்களைச் சேர்ந்துகொண்டாள்.